சுகருக்கு முந்தின கல்

இதை எழுதாமலே விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். உட்கார்ந்தபோதெல்லாம் ஏதாவது ஒரு சாக்கு கிடைத்தது. டீ, பவர் கட், கைபேசியில் யாரோ அனுப்பிய நாய் வீடியோ. நான் எழுதுகிற ஆளும் கிடையாது. பத்தாவதில் தமிழில் நான் வாங்கிய மார்க்கை வெளியே சொன்னால் தமிழுக்குத்தான் அவமானம். அப்புறம் பாலிடெக்னிக்கில் சேர்ந்தேன். அரியர்களை அங்கேயே பத்திரமாக விட்டுவிட்டு பாதியில் வந்துவிட்டேன். இப்போது பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு பட்டறையில், எரிந்துபோன மோட்டார்களுக்குக் காயில் கட்டுகிறேன். இத்தனை வருடத்தில் நான் அதிகம் எழுதிய வார்த்தை, மோட்டார் மேல் சாக்பீஸால் எழுதுகிற ‘நாளைக்கு’ என்பதுதான்.

எழுதப்போவதும் பெரிய விஷயமில்லை. ஒரு இங்கிலீஷ் வார்த்தை எந்த ஊரில் பிறந்து எந்த வழியாக வந்தது என்று தேடிப்போன கதை. கொட்டாவி வருகிறதா? எனக்கும் வந்தது. ஆனால் நான் தேடிக்கொண்டிருந்த நேரத்தில் அந்த வார்த்தை எங்கள் அப்பாவின் வலது காலைத் தின்றுகொண்டிருந்தது. அதனால் கொட்டாவியை அடக்கிக்கொண்டு தேடினேன்.

சுகர். அதுதான் வார்த்தை.

நீரிழிவு என்று டிவியில் சொல்வார்கள். சர்க்கரை நோய் என்று ஆஸ்பத்திரி போர்டில் எழுதியிருக்கும். எங்கள் பக்கத்தில் அது சுகர்தான். கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் பாயசம் வேண்டாம் என்று கை காட்டினால் உடனே பேச்சு ஆரம்பித்துவிடும்.

“ஏனுங்க, சுகருங்களா?”

“ஆமாங்க. உங்களுக்கு எவ்வளவு இருக்குதுங்க?”

“முந்நூறுங்க.”

“எனக்கு நானூறு தொட்டு வந்தனுங்க.”

தோட்டம் எத்தனை ஏக்கர் என்று விசாரிக்கிற அதே குரல். நானூறுக்காரர் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்.

இன்னொன்று. எங்கள் ஊரில் வெள்ளைச் சர்க்கரைக்கு அஸ்கா என்று பெயர். சக்கரை என்றால் பழுப்பு நிறத்து நாட்டுச் சக்கரை. ஆக, எங்கள் வீட்டு டப்பாவில் இருப்பது அஸ்கா, அப்பா உடம்பில் இருப்பது சுகர். இரண்டுக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டு என்று அப்பா ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லை. அம்மா டப்பாவை எங்கே ஒளித்து வைத்தாலும் அவருக்கு மட்டும் காபி எப்படியோ இனிப்பாகிவிடும்.

அப்பா லேத்து ஓட்டுகிறவர். நாள் முழுக்க நின்றே வேலை. உட்கார்ந்து சாப்பிடுவதுகூட அவருக்குப் பழக்கத்தில் இல்லை. தட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாசலுக்கும் சமையலறைக்கும் நடப்பார். தைப்பூசம் வந்தால் பச்சை வேட்டி கட்டி, மாலை போட்டு, ஊர்க்காரர்களோடு பழனிக்கு நடை. கோயம்புத்தூரைத் தாண்டி, பொள்ளாச்சி, உடுமலை, மடத்துக்குளம் என்று ரோட்டோரமாகவே போவார்கள். எல்லாரும் வெறுங்கால். நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அப்பா போய்க்கொண்டிருந்தார், சுகர் வந்த பிறகும் போனார்.

டாக்டர் மெத்தென்று ஒரு செருப்பு எழுதிக் கொடுத்திருந்தார். வீட்டுக்குள்ளேயும் அதைப் போட்டுக்கொண்டுதான் நடக்க வேண்டும் என்றார். அப்பா வாங்கி வந்து, அட்டைப்பெட்டியோடு பீரோ மேல் வைத்தார்.

“மாலை போட்டுட்டுச் செருப்பு மாட்டுனா முருகன் என்னடா நெனைப்பான்? அவனே வெறுங்கால்ல நிக்கறான்.”

“அவருக்குச் சுகர் இல்லீங்களேப்பா.”

“பஞ்சாமிர்தத்துல குளிக்கறவனுக்கே இல்லையாமா, டீ குடிக்கற எனக்கு வந்திருச்சாமா. போடா.”

என் வாய் எங்கிருந்து வந்தது என்று யாரும் ஆராய்ச்சி செய்ய வேண்டியதில்லை.

ஒவ்வொரு வருடமும் பழனியிலிருந்து திரும்பினால் ஒரு வாரம் வெந்நீரில் உப்புப் போட்டுக் காலை ஊற வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கொப்புளம், முள், வெடிப்பு. ஒரு தைப்பூசத்துக்கு அது எதுவும் இல்லை. வீட்டுக்குள் நுழையும்போதே முகம் மினுமினுவென்று இருந்தது. அம்மா வெந்நீர் வைக்கப் போனாள்.

“வேண்டாம் வேண்டாம். கல்லே குத்துல இந்த வருசம்” என்றார் அப்பா.

மடத்துக்குளம் தாண்டி ரோட்டை அகலப்படுத்துவதற்காக ஓரமெல்லாம் ஜல்லி கொட்டியிருந்தார்களாம். கூட வந்தவர்கள் அய்யோ அப்பா என்று கால் மாற்றிக் கால் வைத்துத் தாவியிருக்கிறார்கள். அப்பா மட்டும் ஜமக்காளத்தின் மேல் நடப்பது போல நடந்திருக்கிறார். “அண்ணனுக்கு முருகன் பூவப் போட்டு உட்டுட்டானுங்க” என்று குழுவில் ஒருத்தர் ஆரம்பித்து வைத்தார். பழனி போய்ச் சேருவதற்குள் அது எல்லாருக்கும் தெரிந்த விஷயமாகிவிட்டது. மலையடிவாரத்தில் ஒரு அம்மா தன் கைக்குழந்தையை அப்பாவின் காலடியில் போட்டு எடுத்தாளாம். அதை மட்டும் அப்பா இரண்டு தடவை சொன்னார்.

“அடுத்த வருசம் நீங்களே பக்கத்துல ஒரு குன்னாப் பாத்து ஏறி நின்னுக்கலாமுங்கப்பா” என்றேன்.

“சிரிடா. உனக்கெல்லாம் கல்லு குத்தும்” என்றார்.

அடுத்த வருடம் அவரை முன்னால் விட்டு நடந்தார்கள். ரோட்டு வேலை முடிந்திருக்கவில்லை. மற்றவர்கள் தார் மேல் நடக்க, அப்பா வேண்டுமென்றே ஜல்லி மேல் இறங்கி நடந்திருக்கிறார். பின்னால் வந்தவர்கள் அரோகரா போட்டிருக்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் பாதிப் பேருக்குச் சுகர். ஆளாளுக்கு மாத்திரை டப்பாவை மடியில் கட்டிக்கொண்டு வந்தவர்கள். ஒருத்தர் வாயிலும் வேறு மாதிரி ஒரு வார்த்தை வரவில்லை.

திரும்பி வந்த மறுநாள் சாயங்காலம் அம்மா தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த இடத்தில் மறுபடியும் மறுபடியும் குங்குமம் சிந்தியது போல ஒரு பொட்டு. வாசலில் ஒன்று, பீரோ பக்கத்தில் ஒன்று, சமையலறையில் ஒன்று. அம்மா அந்தப் பொட்டுகளைப் பின்தொடர்ந்து போனாள். கடைசிப் பொட்டு முடிந்த இடத்தில் அப்பா தட்டோடு நின்று தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“ஏனுங்க, காலத் தூக்குங்க.”

தூக்கினார். சுண்டுவிரலுக்குக் கீழே, புளியங்கொட்டை அளவுக்கு ஒரு ஜல்லி உள்ளே போய் உட்கார்ந்திருந்தது. சுற்றிலும் சதை வெளுத்து ஊறிப்போயிருந்தது. அப்பா அதை யாரோ ஒருத்தரின் காலைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

“இது எப்பப் போச்சு?” என்று எங்களையே கேட்டார்.

அந்தக் கல்லோடுதான் மலைப்படி ஏறியிருக்கிறார், இறங்கியிருக்கிறார், பஸ்ஸில் நின்றுகொண்டு வந்திருக்கிறார், லேத்துக்கும் போய்வந்திருக்கிறார். அம்மா கல்லை எடுத்து காம்பவுண்டுக்கு வெளியே வீசினாள். மஞ்சள் வைத்துக் கட்டினாள். கொஞ்ச நாளில் காய்ச்சல் வந்தது. அப்புறம் வாசனை வந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். சுண்டுவிரல் முதலில் போனது, அப்புறம் பக்கத்து விரல்கள். அதற்கு மேலும் கறுப்பு ஏறிக்கொண்டே இருந்தது.

பெரிய டாக்டர் வந்து, முட்டிக்குக் கீழே எடுத்தால் ஆள் பிழைக்கும், தள்ளிப்போட்டால் முட்டிக்கு மேலே போகும், அதற்கும் மேலே போனால் சொல்வதற்கில்லை என்றார். நல்ல மனுஷன், சுற்றி வளைக்காமல் சொன்னார். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை.

அன்று மத்தியானம் சின்ன டாக்டரம்மா ஒருத்தர் வந்தார். என் வயதுதான் இருக்கும். மீன் பிடிக்கிற நரம்பு போல ஒரு மெல்லிய கம்பியை வைத்துக்கொண்டு, அப்பாவைக் கண்ணை மூடச் சொன்னார். பாதத்தில் தொடும்போது தெரிந்தால் சொல்லுங்க என்றார். அப்பா கண்ணை மூடிய உடனே ஆரம்பித்துவிட்டார்.

“தெரீதுங்க.”

டாக்டரம்மா இன்னும் தொடவில்லை.

“தெரீதுங்க. இப்பவும் தெரீதுங்க. நல்லாத் தெரீதுங்க.”

டாக்டரம்மா கம்பியைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் மேலே ஓடாத ஃபேனைப் பார்த்தேன். பக்கத்துக் கட்டில்காரர் சிரித்துவிட்டார். அப்பா கண்ணைத் திறந்து, ஒவ்வொரு முகமாகப் பார்த்து, விஷயத்தைப் புரிந்துகொண்டார்.

டாக்டரம்மா பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னார். சுகர் ரொம்ப நாள் இருந்தால் காலின் நரம்பு செத்துவிடும். கல் குத்தினாலும் தெரியாது, நெருப்பு சுட்டாலும் தெரியாது. உங்களுக்கு அது போய்ச் சில வருடம் ஆகியிருக்கும்.

அவர் போன பிறகு அப்பா என்னைக் கூப்பிட்டார்.

“அப்பொ ஜல்லி மேல என்னைய நடத்துனது சுகரா?”

நான் போர்வையை இழுத்து அவர் காலை மூடினேன்.

“முருகன் இல்ல. அப்பிடித்தான சொல்லீட்டுப் போகுது அந்தப் புள்ள?”

எதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிறவன் என்று எனக்கு ஊருக்குள் பேர் உண்டு. அன்றைக்கு டீ வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராந்தாவுக்கு வந்தேன்.

அங்கே நின்றுதான் என் சிநேகிதனுக்கு மெசேஜ் போட்டேன். அவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்ச். நான் பாதியில் நின்றேன். அவன் நிற்காமல் படித்து எம்.ஏ. இங்கிலீஷ் முடித்து, இப்போது ஒப்பணக்காரத் தெருவில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறான். அவனுக்கு ஒரு கிறுக்கு உண்டு. எந்த வார்த்தையைச் சொன்னாலும் அதன் அப்பன், பாட்டன் என்று தோண்டிக்கொண்டே போவான். கறியைத்தான் கர்ரி ஆக்கினான், கட்டுமரத்தைக் கப்பலேற்றிக் கொண்டுபோனான், சுருட்டைக்கூட விடாமல் செரூட் ஆக்கினான் என்பான். “நம்மகிட்ட இருந்து இத்தனை எடுத்துட்டுப் போனவன் உனக்கு ஒரு வேலை போட்டுக் குடுத்தானாடா?” என்று கேட்பேன். அவனை நான் வாத்தி என்றுதான் கூப்பிடுவேன். அவன் எந்தப் பள்ளிக்கூடத்திலும் வாத்தியாக முடியவில்லை என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

‘வாத்தி, சுகர்ங்கற வார்த்தைய எவன்டா பெத்தான்?’ என்று அனுப்பினேன். யாரையாவது பிடித்து நான்கு வார்த்தை திட்ட வேண்டும் போல இருந்தது. ஊர் பேர் தெரிந்தால் திட்ட வசதி, அவ்வளவுதான்.

அவன் பில்லுக்கும் பில்லுக்கும் நடுவே பேசிப் பேசி அனுப்பினான். பின்னால் சேலை எடுக்கிறவர்களின் சத்தம்.

“மாப்ள, இங்கிலீஷ்காரனுக்கு அது பிரெஞ்சுக்காரன்கிட்ட இருந்து வந்ததுடா. அவனுக்கு லத்தீன் வழியா. அங்க அரபுக்காரங்க கொண்டுபோனது, சுக்கர்னு. ஏனுங்க, அந்தக் கவர்ல கட்டைப்பை வெக்கலீங்களே, இருங்க. சரி. அரபுக்காரனுக்குப் பாரசீகத்துல இருந்து, ஷகர்னு. பாரசீகத்துக்கு எங்கிருந்துன்னு நெனைக்கற?”

‘உங்க கடையில இருந்தா?’ என்று போட்டேன்.

“நம்மகிட்ட இருந்துடா. சமஸ்கிருதத்துல சர்க்கரா. பாலியில சக்கரா. உங்கம்மா சக்கரைங்குதில்ல, கிட்டத்தட்ட அதேதான்.”

எங்கள் அம்மா பாலி மொழி பேசுகிறாள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஆக, நோயின் பேர் எங்கிருந்தோ வந்ததில்லை. இங்கிருந்தே கிளம்பிப் போய், ஊர் ஊராகச் சட்டை மாற்றிக்கொண்டு, கடைசியில் இங்கிலீஷ்காரன் மாதிரி எங்கள் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது. திட்டுவதற்கு வெளியூர்க்காரன் யாரும் கிடைக்கவில்லை.

‘சரி, சர்க்கரான்னா என்ன அர்த்தம்?’

கொஞ்ச நேரம் பதில் இல்லை. யாரோ பெரிய பில் போல. அப்புறம் வந்தது.

“கல்லு.”

அடுத்ததில் விளக்கினான். “பொடிக்கல்லுடா. ஜல்லி, சரளை அந்த மாதிரி. மொதல்ல அர்த்தமே அதுதான். கரும்புப்பாகு இறுகி, நறநறன்னு கல்லுப்பொடி மாதிரி ஆகுதில்ல, அதனால அந்தப் பேர அதுக்கு வெச்சுட்டாங்க.”

எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. வராந்தாவில் சத்தமாகவே சிரித்தேன். சாப்பாட்டுத் தூக்கோடு போன ஒரு அம்மா திரும்பிப் பார்த்தார். அந்த அம்மா இன்னும் பார்த்துக்கொண்டே இருந்தபோது சிரிப்பு நின்றுவிட்டிருந்தது.

‘சரளைக்கும் சர்க்கரைக்கும் சொந்தமா?’ என்று சும்மா கேட்டு வைத்தேன்.

“தெரீலடா. சத்தம் ஒண்ணாட்டம் இருந்தாச் சொந்தமாயிடாது.” கூடவே இன்னொன்றும் சொன்னான். “ஆனா ஒண்ணு இருக்குது. கிரேக்கத்துல கூழாங்கல்லுக்கு க்ரோகேன்னு பேரு. முதலைக்கு இங்கிலீஷ்ல இருக்கற பேர் அதுல இருந்து வந்ததுங்கறாங்க. கூழாங்கல்லுப் புழு. அந்தக் க்ரோகேயும் நம்ம சர்க்கராவும் பங்காளிகன்னு சொல்றாங்க. உறுதியாச் சொல்ல முடியாது.”

‘அமராவதி டேம் முதலையெல்லாம் எங்கப்பனுக்கு ஒறம்பரையா அப்ப? அதுதான் காலக் கேக்குதா?’

அதற்கு அவன் பேசவில்லை. ‘சாரி மாப்ள’ என்று எழுதி மட்டும் அனுப்பினான். நான் எதற்காகக் கேட்கிறேன் என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும்.

டீயோடு உள்ளே போனேன். அம்மா வந்திருந்தாள். ஆஸ்பத்திரிக்காரர்கள் கையெழுத்துப் போடக் கொடுத்த காகிதம், தண்ணீர் பாட்டிலுக்கு அடியில் அப்படியே கிடந்தது. அப்பாவைச் சிரிக்க வைத்தால் போதும் என்று நினைத்தேன். அவர் சிரித்தால் கொஞ்சம் வழிக்கு வருவார்.

“அப்பா, உங்க நோவுக்கு என்ன பேர்னு தெரியுங்களா? வாத்தி கண்டுபுடிச்சுப்போட்டான்” என்று ஆரம்பித்து, பிரெஞ்சுக்காரன், அரபுக்காரன், பாரசீகக்காரன் என்று ஒவ்வொருத்தனையும் நடித்துக் காட்டினேன். பக்கத்துக் கட்டில்காரர் தலையணையைச் சாய்த்து வைத்துக்கொண்டு கேட்டார். “கடைசியில பாத்தா நம்மூர் ஜல்லிக்கல்லுங்கப்பா. சுகர்னா ஜல்லி.”

பக்கத்துக் கட்டில்காரர் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. டீயை வாங்கிக்கொண்டு யோசித்தார்.

“அப்பொ மொதல்ல கல்லு. அப்பறந்தான் இனிப்பா?”

“ஆமாங்கப்பா.”

“எனக்கு மொதல்ல இனிப்பு, அப்பறங் கல்லு” என்றார். ஒரு வாய் குடித்துவிட்டு, “இதுல அஸ்கா போடுலியா?” என்று கேட்டார்.

அன்று சாயங்காலம் வரைக்கும் காகிதம் பாட்டிலுக்கு அடியிலேயே இருந்தது. டாக்டர் மறுபடி வந்து சத்தம் போட்டுவிட்டுப் போனார். சித்தப்பா வந்து கும்பிட்டுக் கேட்டார். பழனிக்குக் கூட நடந்தவர்கள் வந்து, திருநீறு பூசிவிட்டு, முருகன் பார்த்துக்குவானுங்க என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அந்தத் திருநீற்றுக்கு அப்புறம் அப்பா இன்னும் இறுகிப்போனார்.

“அவன் நடத்துன காலு. அத வெட்டிக் குடுத்துப்போட்டு நான் எந்த மூஞ்சியோட அவன் முன்னால நிக்கறது?”

அவருக்குக் கால் போவது மட்டும் பிரச்சினை இல்லை. கையெழுத்துப் போட்டால் டாக்டரம்மா சொன்னதை ஒத்துக்கொண்ட மாதிரி. ஜல்லி மேல் நடந்தபோது தன்னோடு யாரும் இல்லை என்று எழுதிக் கொடுத்த மாதிரி. எனக்கு அது புரிந்தது. புரிந்து என்ன செய்ய.

அம்மா எழுந்து பாட்டிலை நகர்த்தினாள். காகிதத்தை எடுத்து அப்பாவின் மடியில் வைத்தாள்.

“காலு முருகனுதுன்னா அவன் எடுத்துட்டுப் போவுட்டுங்க. மிச்சம் என்னுது. போடுங்க கையெழுத்து.”

அப்பா அவளை நிமிர்ந்து பார்த்தார். போட்டார்.

முட்டிக்குக் கீழே எடுத்தார்கள். காயம் ஆறியது, வீட்டுக்கு வந்தார். வாசலில் ஒரு பிளாஸ்டிக் சேர். நின்றுகொண்டே சாப்பிட்ட மனுஷன் அதில் உட்கார்ந்து சாப்பிடப் பழகினார். லேத்து வேலை போனது. லேத்துக்கு நிற்கிற கால் வேண்டும். செயற்கைக் காலுக்கு அளவெடுத்து வந்தோம். அதை மாட்டினால் அடிக்கட்டை புண்ணாகிறது, புண்ணானாலும் அவருக்குத் தெரிவதில்லை. அதனால் அது மூலையில் நிற்கிறது. பீரோ மேல் இருந்த மெத்தென்ற செருப்பை அம்மா கீழே எடுத்தாள். வலதை என்ன செய்வது என்று தெரியாமல் இரண்டையுமே கட்டிலுக்கு அடியில் வைத்தாள். இடது காலுக்கு ஒன்றை மாட்டச் சொன்னால், “ஒத்தச் செருப்போட என்னத்துக்கு” என்று அப்பா காலை இழுத்துக்கொள்வார்.

இந்த வருடத் தைப்பூசத்துக்குக் குழு கிளம்பியது. வழக்கமாக எங்கள் வீட்டு வாசலில் நின்று அப்பாவைச் சேர்த்துக்கொண்டு போவார்கள். இந்தத் தடவையும் நின்றார்கள். போன வருடம் அவரை முன்னால் விட்டு நடந்தவர்கள் இப்போது எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கூரையைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள். அம்மா மோர் கொடுத்தாள். குழுவில் ஒருத்தர், அப்பாவுக்குத் தம்பி முறை ஆகிறவர், சேர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார். அவருக்கும் சுகர். முகம் பளபளவென்று இருந்தது.

“ஏனுங்ண்ணா, ஒண்ணு சொல்லோணும். யாருகிட்டயும் இன்னும் சொல்லுல. ஒரு மாசமா வெறுங்கால்லதான் விரதம். எனக்கும் கல்லே குத்தறதில்லீங்ண்ணா.”

அப்பா கையிலிருந்த மோர் டம்ளரைக் கீழே வைத்தார்.

“காலக் காட்டு.”

“எதுக்குங்ண்ணா?”

“காட்டுடா கண்ணு.”

அவர் காட்டவில்லை. சிரித்துக்கொண்டே வேட்டியை இழுத்துக் காலை மூடிக்கொண்டார்.

“செருப்புப் போட்டுட்டுப் போ. முருகன் ஒண்ணுஞ் சொல்ல மாட்டான். நாஞ் சொல்றனில்ல, போட்டுட்டுப் போ” என்றார் அப்பா.

அவர் எழுந்து நின்றார். அப்பாவின் தோளைத் தொட்டார். அத்தனை பாசமாகத் தொட்டார்.

“உங்களுக்கு நம்பிக்கை போயிருச்சுங்ண்ணா. வந்து திருநீறு தர்றேன்.”

அரோகரா சத்தம் தெரு திரும்புகிற வரைக்கும் கேட்டது. நான் பின்னாலேயே வண்டியை எடுத்துக்கொண்டு போய் அவரிடம் பேசிப் பார்த்தேன். டாக்டரம்மா சொன்னதை அப்படியே சொன்னேன். “நீ எப்பத்தான்டா வெளையாட்ட உடுவ” என்று என் கன்னத்தைத் தட்டிவிட்டு நடந்தார்.

திரும்பி வந்தபோது அப்பா சேரிலேயே இருந்தார். இடது காலைச் சேருக்கு மேலே மடித்துப் போட்டிருந்தார். என்னைப் பார்த்ததும் வாசல் பக்கம் கை காட்டினார்.

“அங்க ஒரு கல்லு எடுத்துட்டு வா. சின்னதா. மொனை இருக்கோணும்.”

“எதுக்குங்கப்பா?”

“எடுத்துட்டு வாடா.”

எடுத்து வந்தேன். அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

“வெச்சு அமுத்து. எங்க அமுத்தறீன்னு சொல்லாத. நானே சொல்றன்.”

குதிகாலில் வைத்து அமுத்தினேன். அவர் காத்திருந்தார். பெருவிரலுக்கு அடியில் அமுத்தினேன். தோல் பள்ளமாகிற அளவுக்கு.

“அமுத்துடா” என்றார்.

நடுப்பாதத்தில் வைத்து, என் கட்டைவிரல் வெளுக்கிற வரைக்கும் அமுத்தினேன்.

“சாமி, வெளையாடாத. எல்லாத்துலயுமா வெளையாடறது? அமுத்து.”

“அமுத்தீட்டுத்தான் இருக்கறனுங்கப்பா.”

அவர் திரும்பவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, கண்ணால் பார்க்காமலே கையை நீட்டித் தடவி, தன் பாதத்தில் இருந்த என் விரலையும் விரலுக்கு அடியில் இருந்த கல்லையும் தொட்டுப் பார்த்தார். அப்புறம் கையை எடுத்துக்கொண்டார். நான் கல்லை எடுத்துவிட்டேன். பள்ளம் அப்படியே இருந்தது. ரத்தம் வரவில்லை, அது ஒன்றுதான்.

உள்ளே அம்மா குக்கர் வைத்திருந்தாள். விசில் வந்தது. அப்பா காலைக் கீழே இறக்கவில்லை.

“உன்ற சிநேகிதன், அந்த வாத்தி. சுகருக்கு முந்தி கல்லுன்னு சொன்னானில்ல” என்றார்.

“ஆமாங்கப்பா.”

“கல்லுக்கு முந்தி என்னன்னு கேளு.”

“அது எதுக்குங்கப்பா இப்ப?”

“கேளுடா. முந்தி வேற ஏதாச்சு நல்ல அர்த்தம் இருந்திருக்கும். இல்லாமயா இனிப்புக்கு அந்தப் பேர வெப்பாங்க. பூவுன்னோ என்னமோ இருந்திருக்கும். கேளு.”

டாக்டரிடம் கேட்டாகிவிட்டது. முருகனிடம் இனிமேல் கேட்க மாட்டார். மிச்சம் இருந்தது ஜவுளிக்கடையில் பில் போடுகிற ஒருத்தன். நான் கைபேசியை எடுத்து, ஒரு கிண்டலும் சேர்க்காமல், அப்பா சொன்னதை அப்படியே அடித்தேன். ‘கல்லுக்கு முந்தி அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்னு அப்பா கேக்கறாரு. பூவுன்னு இருக்குமான்னு கேக்கறாரு.’

அவன் பார்த்துவிட்டான். எழுதுகிறான் என்று காட்டியது. நின்றது. மறுபடி எழுதுகிறான் என்று காட்டியது. அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டே, “வந்துச்சா?” என்றார். “இன்னுமில்லீங்” என்றேன். அவன் இரண்டு மூன்று தடவை எழுதி அழித்தான் போல. பொய் சொல்லத் தெரியாது அவனுக்கு. பள்ளிக்கூடத்தில் அதனால்தான் நான் அடி வாங்கினேன். ஒரு தடவை பொய் சொல்லுடா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

‘கல்லோட முடிஞ்சுருதுடா மாப்ள, அதுக்கு முந்தி ஒண்ணுமில்ல.’